கூனிமேட்டுக்குப் போன ரூம் ஹீட்டர்

ஒரு மாசத்துக்கு மேல எபிசோட் வரலைன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா கூனிமேடு. ஈசிஆர்ல சென்னையிலிருந்து பாண்டி போறவங்க எல்லாரும் எங்க ஊரைத் தாண்டித்தான் போறீங்க, ஆனா ஒருத்தரும் இறங்க மாட்டீங்க. மரக்காணம் உப்பளம் தெரியும்ல, வெள்ளை வெளேர்னு குவிச்சு வெச்சிருப்பாங்களே, காரை ஓரங்கட்டி போட்டோ எடுப்பீங்களே, அதுக்குத் தெற்கே. எங்க அப்பா அந்த உப்பளத்துலதான் முப்பது வருஷமா உப்பு வாருறார்.

அந்த ஊருக்கு இந்தத் தடவை நான் நொய்டாவிலிருந்து தூக்கிட்டுப் போனது ஒரு ரூம் ஹீட்டர். ஒன்பது தகடு வெச்ச ஆயில் ஹீட்டர், பன்னிரண்டு கிலோ இருக்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல எதிர் சீட்டுல இருந்த அண்ணன் "இது என்னம்மா?"ன்னு கேட்டார். சொன்னேன். "எந்த ஊருக்குப் போறீங்க?"ன்னார். சொன்னேன். அப்புறம் சென்னை வர்ற வரைக்கும் அவர் என்கிட்ட எதுவும் பேசலை.

மே மாசம் வெளியில நின்னா தலை வெந்து போற ஊருக்கு எதுக்கு ஹீட்டர்? அதைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன். இது ஹீட்டர் ரிவ்யூ கிடையாது. ஒரு ராத்திரி எங்க வீட்டுல நாலு உயிர் போயிருக்க வேண்டியது, போகலை. அதைப் பத்தின எபிசோட்.

2024 நவம்பர்ல எங்க அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. பொண்ணு. பாண்டியில ஒரு ஆஸ்பத்திரியில பிரசவம், அப்புறம் கூனிமேட்டுல அம்மா வீடு. அதே வாரம் நான் டெல்லிப் பக்கம் மூச்சு விடத் திணறிட்டு இருந்தேன். நவம்பர் 18-ம் தேதி டெல்லியில ஏக்யூஐ 490-ஐத் தாண்டுச்சு. ஜன்னல் எல்லாம் மூடி, ஹீட்டரைப் போட்டுக்கிட்டு, வீடியோ கால்ல குழந்தையைப் பார்த்துட்டு இருந்தேன். "ஏண்டி, உன் ரூமு ஏன் இவ்ளோ மூடி வெச்சிருக்கே, மூச்சு முட்டாதா?"ன்னு ஆயா கேட்டாங்க. ஆயான்னா எங்க அம்மாவோட அம்மா. வயசு எண்பது கிட்ட. இந்தக் கேள்வியை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்துல கரையைக் கடந்த ராத்திரி. பாண்டியில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை, எங்க மாவட்டத்துல மயிலத்துல 50. கரன்ட் சாயங்காலமே போயிடுச்சு. குழந்தைக்கு அன்னிக்குப் பன்னிரண்டாவது நாள். வீடு முழுக்க ஈரம், காத்து ஊளையிடுது, காய்ஞ்ச துணி ஒண்ணு கிடையாது. ராத்திரி பத்தரை மணி வாக்குல அம்மாவுக்கு போன் போட்டேன். ரெண்டு புள்ளி சிக்னல்ல எடுத்தாங்க.

"எல்லாரும் நல்லா இருக்கோம். ஆயா தணல் சட்டி வெச்சிருக்காங்க, ரூமு கதகதன்னு இருக்குது. கொஞ்சம் தலைதான் வலிக்குது."

"யாருக்கு?"

"எனக்கும், அக்காவுக்கும். ஆயாவுக்கு ரெண்டு தடவ வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சாம். காத்து மாறுதில்ல, அதான்."

தணல் சட்டி தெரியாதவங்களுக்கு: மண்சட்டியில சாம்பலைப் பரப்பி, அடுப்புல இருந்து நல்லா எரிஞ்சு புகை அடங்கின கங்கை எடுத்துப் போட்டு, பிள்ளை பெத்தவ கட்டிலுக்கு அடியிலேயோ பக்கத்துலேயோ வைக்கிறது. எங்க பக்கம் சவுக்குக் கட்டைக் கங்கு. ஆயாவோட ஏழு பிரசவத்துக்கும் வெச்சிருக்காங்க, அம்மாவோட ரெண்டுக்கும் வெச்சிருக்காங்க. பச்சை உடம்புக்காரிக்கு ஈரக்காத்து பட்டா ஜன்னி கண்டுடும்கிறது ஆயாவோட கணக்கு.

எனக்கு அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வந்தது கொடைக்கானல். 2024 ஆகஸ்ட்ல திருச்சியிலிருந்து நாலு பேர் கொடைக்கானல் சின்னப்பள்ளத்துக்குப் போனாங்க. ராத்திரி பார்பெக்யூ போட்டு, குளிருதுன்னு அந்தக் கரி அடுப்பை ரூமுக்குள்ள வெச்சுட்டுத் தூங்கியிருக்காங்க. காலையில ரெண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. அந்தச் செய்தி வந்தப்ப ஆபீஸ்ல டீ குடிச்சுட்டே "ஐயோ பாவம்"னு சொல்லிட்டு ஸ்க்ரோல் பண்ணிப் போனவதான் நான்.

"அம்மா, கதவைத் திற. ஜன்னலையும் திற. சட்டியைத் தூக்கி வெளிய வை. இப்பவே!"

"புயலு அடிக்குதுடி, எப்படித் திறக்க? புகையே இல்ல, வெறும் கங்குதான்."

"புகை இல்லாததுதான்மா பிரச்சினை!"

பின்னாடி ஆயா குரல்: "இன்னாவாம் அவளுக்கு? நாப்பது வருசமா வெச்சேன், யாரு செத்தா?"

அப்புறம் அக்கா குரல். எங்க வீட்டுல கோவிட் சமயத்துல வாங்கின அந்த விரல்ல மாட்டுற மெஷின் இருக்கு. "நான் மாட்டிப் பார்த்துட்டேன், எல்லாருக்கும் 98 காட்டுது. ஒண்ணுமில்ல, நீ பயப்படாதே"ன்னாள். நான் "அது பொய் சொல்லும்..."னு ஆரம்பிச்சேன். லைன் கட்.

திரும்ப நாற்பது தடவை போட்டிருப்பேன். ஸ்விட்ச் ஆஃப். அப்பா நம்பர், பக்கத்து வீட்டு மாமா நம்பர், எதுவும் போகலை. டவரே விழுந்துடுச்சு போல. அன்னிக்கு ராத்திரி நான் என்ன பண்ணினேன்னு கேட்டீங்கன்னா, ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்ன பண்ணுவாளோ அதைத்தான். விடிய விடிய உட்கார்ந்து படிச்சேன்.

படிச்சதைச் சொல்றேன். விறகோ கரியோ முழுசா எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக்சிஜன் பத்தாம அரைகுறையா கனிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். கங்குங்கிறது அரைகுறையாவே கனியற சமாச்சாரம். சுவாலை விட்டு எரியற விறகைவிட, அடங்கிக் கனியற கரி இந்த வாயுவை அதிகமா விடும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்துல ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போற ஹீமோகுளோபினோட இது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்கும். ஒட்டினா சீக்கிரம் விடாது, நல்ல காத்துல உட்கார்ந்தாலும் ரத்தத்துல பாதியாக் குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும்.

விறகு புகைஞ்சா கண்ணு எரியும், இருமல் வரும், நீங்களே எழுந்து வெளியே போயிடுவீங்க. புகைதான் உங்களை விரட்டிக் காப்பாத்துது. கங்குல அந்த எச்சரிக்கை கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி, தூக்கம். மழைக்காலத்துல இதுல எதையும் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. ஒரே ரூம்ல இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலை வலிக்குது, வெளியே போனா குறையுதுன்னா, அதை ஜலதோஷம்னு விட்டுடாதீங்க.

அந்த விரல் மெஷின் 98 காட்டினதுக்கும் காரணம் இருக்கு. அது ரெண்டு நிற வெளிச்சத்தை விரல் வழியா அனுப்பி, ரத்தம் எவ்வளவு சிவப்புன்னு பார்த்துக் கணக்குப் போடுது. கார்பன் மோனாக்சைடு ஒட்டின ரத்தமும் செக்கச்செவேல்னுதான் இருக்கும். மெஷினுக்கு அதுவும் ஆக்சிஜனும் ஒண்ணுதான். ஆள் மயங்கிக் கிடந்தாலும் 98 காட்டும். இதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில வேற வகை ரத்தப் பரிசோதனை வேணும். இதை அந்த ராத்திரி மூணு மணிக்கு, போன் போகாத ஒரு வீட்டை நினைச்சுக்கிட்டு படிச்சேன்.

காலையில ஐந்தே முக்காலுக்கு அப்பா கூப்பிட்டார். ஈசிஆர் ரோட்டுக்கு வந்து யாரோ ஒருத்தர் போனை வாங்கிப் பேசினார். "எல்லாரும் இருக்காங்கம்மா." இருக்காங்கன்னு ஒரு வார்த்தை. நான் அழுதது எனக்கே தெரியலை.

என்ன நடந்துச்சுன்னா, என் கத்தல் அப்பாவுக்குக் கேட்டிருக்கு. அவர் கூடத்துல படுத்திருந்தார். லைன் கட்டானதும் அம்மா தயங்கி நின்னிருக்காங்க, ஆயா கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அப்பா ஒண்ணும் பேசாம எழுந்து வந்து, சட்டியைத் தூக்கிட்டுப் போய் மழையில வெச்சுட்டு, கதவு ஜன்னல் ரெண்டையும் திறந்து விட்டிருக்கார். குழந்தையை அக்கா நெஞ்சோட சேர்த்துப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கா. விடியறப்ப தலைவலி விட்டிருக்கு. ரோடு திறந்ததும் குழந்தையை டாக்டர்கிட்ட காட்டினாங்க, நல்லா பால் குடிக்கிறா, பயமில்லைன்னு சொன்னார். ஆயா ரெண்டு நாள் அப்பாகிட்ட பேசலை.

அந்தக் கோபத்துலதான் நான் ஹீட்டரைத் தூக்கிட்டுக் கிளம்பினேன். ஆயாவுக்கு ரூம் கதகதன்னு இருக்கணும், அவ்வளவுதானே? கரன்ட்ல கொடுத்துடறேன். கூடவே ரெண்டு கருவி. ஒண்ணு கார்பன் மோனாக்சைடு அலாரம். இன்னொண்ணு, காத்துல இருக்கிற நுண்தூசி, கார்பன் டை ஆக்சைடு, வெப்பம், ஈரப்பதம் காட்டுற மானிட்டர். நொய்டா காத்துக்காக வாங்கினது.

போய்ச் சேர்ந்த அன்னிக்கு சாயங்காலமே ஆயா கேட்டாங்க: "நாப்பது வருசமா வெச்சேனே, அப்போ ஏன் யாரும் சாவலை?" இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ரெண்டு நாள் யோசிச்சேன். பதில் கூரையில இருந்துச்சு.

ஆயா பிள்ளை பெத்தது ஓலை வீட்டுல. அம்மா பெத்தது ஓட்டு வீட்டுல. ஓட்டுக்கு ஓடு இடுக்கு, சுவருக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு முழம் சந்து, சாத்தினாலும் சாத்தாத கதவு. அந்த வீடே மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு. 2011 டிசம்பர்ல தானே புயல் எங்க ஓட்டைப் பிரிச்சுப் போட்டுடுச்சு. அதுக்கப்புறம் அப்பா கடன் வாங்கி மெத்தை வீடு கட்டினார். கான்கிரீட் கூரை, இரும்பு ஜன்னல், கொசு வராம இருக்க ஓரமெல்லாம் அடைச்சு, ஏசி வைக்கலாம்னு பார்த்துப் பார்த்துக் கட்டின ரூம். சட்டி அதே சட்டி, கங்கு அதே கங்கு. ஆயா பொய் சொல்லலை, அவங்க அனுபவம் வேற வீட்டோட அனுபவம். இதைச் சொன்னப்பதான் அவங்க முதல் தடவையா என்னை நேரா பார்த்தாங்க. "அப்போ வூட்டு மேலதான் தப்பா?"ன்னாங்க. பாதி அப்படித்தான் ஆயா.

ஆனா சொன்னா நம்புற ஆள் இல்லை அவங்க. கண்ணால பார்க்கணும். அதனால பின்கட்டு ரூமைக் காலி பண்ணி, தணல் சட்டியை வெச்சு, அலாரத்தை ஜன்னல் கண்ணாடி வழியா தெரியற மாதிரி வெச்சு, கதவைச் சாத்திட்டு நாங்க எல்லாரும் வெளிய நின்னோம். தெருவே வந்து நின்னுச்சு. (நீங்க யாரும் இதை வீட்டுல செஞ்சு பார்க்காதீங்க, நானே செஞ்சிருக்கக் கூடாது.) கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை, ஒரு பையன் "அக்கா, மெஷின் டூப்பு"ன்னான். அப்புறம் நம்பர் ஏற ஆரம்பிச்சுது. அரை மணி நேரத்துக்குள்ள 300-ஐத் தாண்டி அலாரம் அலற ஆரம்பிச்சுடுச்சு. ரூமுக்குள்ள ஒரு துளி புகை இல்லை. ஆயா அந்த ஜன்னலையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் எதுவும் சொல்லாம உள்ளே போய் கொள்ளுப்பேத்தியைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டாங்க.

அடுத்த நாள் ஹீட்டர். அதுக்கும் எதிர்ப்பு வந்துச்சு, இந்தத் தடவை பக்கத்து வீட்டு மாமா கிட்ட இருந்து. "ஹீட்டரு ஆக்சிஜனை உறிஞ்சிடும்மா, யூடியூப்ல பார்த்தேன்." நொய்டாவிலயும் இதே பேச்சுதான், ஹீட்டர் பக்கத்துல தண்ணி வெச்சா ஆக்சிஜன் வரும்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க. கரன்ட் ஹீட்டருக்குள்ள எதுவும் எரியலை. கம்பியில கரன்ட் பாயுது, கம்பி சூடாகுது. இஸ்திரிப் பெட்டி மாதிரி. எரியாத ஒண்ணுக்கு ஆக்சிஜன் எதுக்கு? கார்பன் மோனாக்சைடும் வராது. நான் ராத்திரி முழுக்க அலாரத்தை வெச்சுப் பார்த்தேன், பூஜ்யம்.

ஆனா மூச்சு முட்டற மாதிரி இருக்கும்கிறது நிஜம். அதுக்குக் காரணம் ஹீட்டர் இல்லை, நாமதான். மூடின ரூம்ல அம்மா, அக்கா, ஆயா, குழந்தை. மானிட்டர்ல கார்பன் டை ஆக்சைடு காலைக்குள்ள 1900-ஐத் தொட்டுச்சு. வெளிக் காத்துல அது 420 சொச்சம். அது நாம விட்ட மூச்சு. அதனால ஆள் சாக மாட்டாங்க, ஆக்சிஜன் 21 சதவீதத்துல கால் சதவீதம்கூடக் குறைஞ்சிருக்காது, ஆனா தலை கனக்கும், ரூம் நாறும். ஜன்னலை ரெண்டு விரல் திறந்து வெச்சேன், 900-க்கு இறங்கிடுச்சு. வீடியோ கால்ல "மூச்சு முட்டாதா?"ன்னு ஆயா கேட்டாங்களே, சரியாத்தான் கேட்டிருக்காங்க.

தண்ணி வைக்கிற கதைக்கும் ஒரு அடிப்படை இருக்கு. 10 டிகிரியில 80 சதவீத ஈரப்பதம் இருக்கிற டெல்லிக் காத்தை அப்படியே 22 டிகிரிக்குச் சூடு பண்ணினா ஈரப்பதம் 37 சதவீதத்துக்கு விழுந்துடும். தண்ணி எங்கேயும் போகலை, சூடான காத்து இன்னும் நிறைய தண்ணியைத் தாங்கும், அதனால அதே தண்ணி கம்மியாத் தெரியுது. மூக்கு காயும், உதடு வெடிக்கும். எனக்கு முதல் வருஷம் மூக்குல ரத்தமே வந்துச்சு. எல்லா மாடல்லயும் இது ஒண்ணுதான், ஆயில் ஹீட்டர் காத்தைக் காய வைக்காதுன்னு கடைக்காரர் சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. கரன்ட் கணக்கும் அப்படித்தான்: ஒரு யூனிட் கரன்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் வரும், நானூறு ரூபாய் ராடு ஹீட்டரா இருந்தாலும் பத்தாயிரம் ரூபாய் ஆயில் ஹீட்டரா இருந்தாலும். வித்தியாசம் வேற இடத்துல. ராடு ஹீட்டர்ல கம்பி செக்கச்செவேல்னு எரியுது. வருஷம் முழுக்க பரண்ல கிடந்து தூசி படிஞ்சிருக்கும், முதல் நாள் போடறப்ப ஒரு கருகல் வாடை வரும்ல, அது தூசி கருகறது. அதுல நுண்ணிய துகள் காத்துல கலக்குது. பழுக்கக் காயற கம்பி மேல போர்வை பட்டா நெருப்பு. ஆயில் ஹீட்டர் மேல்பாகம் அந்த அளவுக்குச் சூடாகாது, அதுக்காகத்தான் அதை வாங்கினேன்.

கூனிமேட்டுல ஈரப்பதம் நேர் எதிர். புயலுக்கு அப்புறம் 90-க்கு மேல நின்னுச்சு. ஹீட்டரைப் போட்டதும் அது 70-க்கு இறங்க, சுவர்ல இருந்த பூஞ்சை வாடை குறைஞ்சது. அக்காவுக்குச் சந்தோஷம். அப்பதான் அடுத்த தலைவலி. வீட்டு வயரிங். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ரூம்ல இருக்கிறது போன் சார்ஜர் சொருகுற சின்ன பிளக், அது 6 ஆம்பியருக்குத்தான். அப்பா ஒரு கன்வெர்ட்டரை வாங்கிட்டு வந்து "இதுல சொருகிக்கலாம்"னார். சொருகலாம், கொஞ்ச நேரத்துல பிளக் உருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டாலும் அதே கதை. கடைசியில எலக்ட்ரீஷியன் வந்து மெயின்ல இருந்து தனி வயர் இழுத்து, பெரிய பிளக் வெச்சு, எம்சிபி மாட்டினார். ஹீட்டரை 800 வாட்லயே வெச்சேன்.

இவ்வளவும் பண்ணின பிறகுதான் நான் பார்க்க வேண்டிய நம்பரைப் பார்த்தேன். வெப்பம். ஹீட்டர் போடாம, ஜன்னல் கொஞ்சம் திறந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ரூம் 25 டிகிரி.

குழந்தை பிறக்கற அறையே 25-லிருந்து 28 டிகிரி இருந்தாப் போதும்னுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கூனிமேட்டு மார்கழி அதை இனாமாக் கொடுக்குது. பன்னிரண்டு கிலோ இரும்பை ரெண்டாயிரம் கிலோமீட்டர் தூக்கிட்டுப் போனது கிட்டத்தட்ட வீண். குழந்தைக்குத் தேவை காய்ஞ்ச துணி, தலைக்குத் தொப்பி, அம்மா நெஞ்சு. அம்மா உடம்போட உடம்பா, தோலோட தோலா வெச்சுக்கிறதுக்கு கங்காரு முறைன்னு பேர் வெச்சு ஆஸ்பத்திரியில சொல்லிக் கொடுக்கறாங்க. புயல் ராத்திரி சட்டியை வெளிய எடுத்த பிறகு அக்கா யாரும் சொல்லாமயே செஞ்சது அதைத்தான். கரன்ட் போனாலும் அது வேலை செய்யும், என் ஹீட்டர் செய்யாது. நான் வெறுங்கையோட போய் இதை மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனா அப்படிச் சொல்லியிருந்தா ஆயா கேட்டிருப்பாங்களான்னா, சந்தேகம்தான். ஒண்ணை எடுத்தா இன்னொண்ணை வைக்கணும், அப்பதான் வீட்டுல பேச்சு நடக்கும்.

ஹீட்டருக்கு அப்புறம் ஒரு வேலை கிடைச்சது. குழந்தைத் துணி காய வைக்க. ஹீட்டர் மேல போடாதீங்க, மூணு அடி தள்ளிக் கொடி கட்டுங்கன்னு பத்து தடவை சொன்னேன்.

மானிட்டரைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியுமா? வீட்டைச் சுத்தினேன். கொசுவத்தி ஏத்தின ரூம்ல நுண்தூசி நம்பரைப் பார்த்தப்ப எனக்கு நொய்டா ஞாபகம் வந்துடுச்சு. மலேசியா, சீனா கொசுவத்திகளை வெச்சு 2003-ல வந்த ஒரு ஆய்வு, ஒரு சுருள் விடற நுண்தூசி 75-லிருந்து 137 சிகரெட்டுக்குச் சமம்னு சொல்லுது. குழந்தைக்குக் கொசுவலை வாங்கிக் கட்டிட்டேன், முந்நூறு ரூபாய்ல முடிஞ்சது. சாம்பிராணிதான் பெரிய போராட்டம். குளிப்பாட்டினதும் குழந்தையைப் புகைமேல காட்டாம விட மாட்டாங்க ஆயா. அஞ்சு நாள் பேச்சுவார்த்தைக்கு அப்புறம், துணியை மட்டும் வெளித் திண்ணையில புகை காட்டி, ஆறினப்புறம் போர்த்தறதுன்னு ஒப்பந்தம். நான் ஊருக்குக் கிளம்பினதும் அந்த ஒப்பந்தம் என்ன ஆச்சுன்னு நான் கேட்கலை.

அப்புறம் ஆயாவோட அடுப்பு. வீட்டுல கேஸ் இருக்கு. டீக்கும் தோசைக்கும் கேஸ், சோத்துக்கும் வெந்நீருக்கும் பின்கட்டுல சவுக்கு விறகு. ரெண்டு வருஷம் முன்னாடி ஆயாவை இருமலுக்காக டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்ப, எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு "பாட்டிம்மா பீடி பிடிப்பீங்களா?"ன்னு கேட்டிருக்கார். ஆயா இன்னும் அந்த டாக்டரை மன்னிக்கலை. வீட்டுக்குள்ள சமையல் புகையால 2020-ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் இறந்தாங்கன்னு உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. இதுல எங்க விழுப்புரம் மாவட்டத்துக்கே ஒரு இடம் உண்டு. ஹாப்பின்னு ஒரு பெரிய ஆய்வு. குவாதமாலா, பெரு, ருவாண்டா, அப்புறம் இந்தியான்னு நாலு நாட்டுல சுமார் 3200 கர்ப்பிணிகள். இந்தியாவுல நடந்தது தமிழ்நாட்டுலதான், விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கம். போரூர் ராமச்சந்திராவோட ஆராய்ச்சிக் குழு நடத்தினாங்க. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமா கொடுத்தாங்க, மீதிப் பேர் விறகுலயே சமைச்சாங்க. கேஸ் வந்த வீட்டுப் பெண்கள் சுவாசிச்ச நுண்தூசி 70-லிருந்து 24-க்கு இறங்கிடுச்சு, மூணுல ஒரு பங்கு. ஆனா 2022-ல வந்த முடிவுல, பிறந்த குழந்தைகளோட எடையில சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்லை. படிச்சப்ப எனக்கு ஏமாற்றமா இருந்துச்சு. அடுப்பை மாத்தினா எல்லாம் மாறிடும்னு நினைச்சிருந்தேன். புகை குறையறதுக்கு வேற நல்லது இருக்கலாம், ஆயா நெஞ்சு எனக்கு முக்கியம், ஆனா ஒரு பொருளை வாங்கிக் கொடுத்து ஒரு வீட்டைச் சரிபண்ணிடலாம்கிற என்னோட இன்ஜினியர் புத்திக்கு அது ஒரு கொட்டு. வெந்நீருக்கு மட்டும் அப்பா இப்போ குளியலறையில கீசர் மாட்டியிருக்கார். அதே தனி வயர்லதான். சோறு விறகுலதான். விடுங்க.

டிசம்பர் கடைசியில ஹீட்டரைத் திரும்பத் தூக்கிட்டு நொய்டா வந்தேன். ஏன்னா எங்க அபார்ட்மென்ட் கேட்டுல ராத்திரி டியூட்டி பார்க்கிற பையா, ஒரு எண்ணெய் டின்னுல கரியைப் போட்டு கேபினுக்குள்ள வெச்சுக்கிட்டு, கதவைச் சாத்திக்கிட்டுதான் உட்கார்ந்திருப்பார். அங்கீட்டின்னு சொல்வாங்க. நாலு அடிக்கு நாலு அடி கேபின். மூணு குளிர்காலமா தினம் பார்த்திருக்கேன், "குட் நைட் பையா" சொல்லிட்டு மேலே போயிருக்கேன். 2024 ஜனவரியில ஒரே நாள்ல டெல்லியில ரெண்டு வீடுகள்ல ஆறு பேர் இந்த அங்கீட்டியால இறந்தாங்க, அதுல ரெண்டு குழந்தைங்க. 2020 ஜனவரியில கேரளாவிலிருந்து நேபாளம் போன எட்டு பேர் டாமன்ல ஒரு ஓட்டல் ரூம்ல கேஸ் ஹீட்டரால இறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அதுல நாலு குழந்தைங்க. கேஸ் ஹீட்டரும் ஹீட்டர்தான், கரன்ட் ஹீட்டரும் ஹீட்டர்தான், கடையில பக்கத்துப் பக்கத்துலதான் வெச்சிருக்காங்க. எதுல நெருப்பு இருக்கோ அதுதான் ஆளைக் கொல்லும்.

டெல்லிக்கு கிராப்னு ஒரு காத்து மாசுத் திட்டம் இருக்கு. அதுல ஒரு வரி இருக்கு: குடியிருப்போர் சங்கங்கள் காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் கொடுக்கணும், அவங்க குப்பையும் விறகும் எரிக்காம இருக்க. ஊர் காத்து கெடக் கூடாதுங்கிறதுக்காக எழுதின வரி, ஆனா அந்த கேபினுக்குள்ள இருக்கிறவர் உயிருக்கும் அதுதான் வரி. சங்கத்து மீட்டிங்ல இதை எடுத்துச் சொன்னேன். கரன்ட் பில் யார் கட்டறதுன்னு ஒருத்தர் கேட்டார். 800 வாட், எட்டு மணி நேரம், 6.4 யூனிட், ஏழு ரூபாய்னு வெச்சாலும் ஒரு ராத்திரிக்கு 45 ரூபாய். நூற்றுப் பத்து வீடு இருக்கு. அமைதியா இருந்தாங்க. பெரிய பிளக் வைக்க ரெண்டு வாரம் ஆச்சு. இப்போ எங்க ஹீட்டர் கேபின்ல இருக்கு, பையா அதுமேல டீ கிளாஸை வெச்சுச் சூடு பண்ணிக்கறார், அதை நான் பார்க்காத மாதிரி போயிடறேன்.

அலாரத்தை மட்டும் கூனிமேட்டுலயே விட்டுட்டு வந்தேன். பொங்கலுக்கு அக்கா போட்டோ அனுப்பினாள். மாட்டுக்கொம்புக்கு வர்ணம், கோலம், கரும்பு, அப்புறம் ரூம் சுவர்ல மாட்டியிருக்கிற அலாரம். ஆயா அதுக்கு மஞ்சள் குங்குமம் வெச்சிருக்காங்க. உடனே போன் போட்டு, அந்தச் சின்ன ஓட்டை மேல மட்டும் குங்குமம் அடைக்காம பார்த்துக்கச் சொன்னேன்.

உங்க வீட்டுல தணல் சட்டிக் கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.